கிங்ஸ்டனில் சுழியோடும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான நண்பர்களுக்கு,

கோடை பிறந்ததும் வெள்ளிக்கிழமை பின்னேரமே காற்றுச் சிலிண்டர்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் இருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள கிங்ஸ்டனுக்கு, மூழ்கிய கப்பல்களைப் பார்க்க ஓடுகிற எல்லோருக்கும் இந்த மடல். நான் நாற்பத்தொரு வயதில் சுழியோடப் பழகியவன். அந்த நாளில் வள்ளத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்க்குரல் கேட்காது. போன ஆவணியில் ஒரே வள்ளத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கரைக்குத் திரும்பும்போது ஒரு தங்கச்சி பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. குளிரில் விறைத்த கைக்குள் அந்தக் கோப்பையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. இனி உரிமையோடு கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

எழுதவைத்தது ஒரு கப்பி.

மாசி மாதம் ஒரு தம்பியின் மகளுக்குப் பிறந்தநாள். நிலக்கீழ் அறையில் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சிக்குப் பக்கத்துத் தட்டில், வெற்றிக்கிண்ணங்களுக்கு நடுவில், ஒரு மரக்கப்பி இருந்தது. பாய்க்கயிறு ஓடுகிற பழைய கப்பி. கையில் எடுத்தேன். இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவு. நடுவே மேலிருந்து கீழாக மூன்று வெடிப்பு. ஒன்றுக்குள் நகம் முழுதாகப் போனது. பக்கவாட்டில் மட்டிகள் ஒட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளை வட்டங்கள். திருப்பிப் பார்த்தபோது உள்ளங்கையில் காவிநிறத் தூள் கொட்டியது. இரும்பு அச்சு உக்கி உதிர்ந்த தூள் அது.

"அது கிங்ஸ்டன் பக்கம் ஒரு கப்பலிலை எடுத்தது அண்ணை. சும்மா கிடந்ததுதானே, கொண்டு வந்தனான்" என்றார் தம்பி. குரலில் பெருமை இருந்தது. களவெடுத்தவன் குரல் அது இல்லை. மகளைக் கூப்பிட்டு, "மாமாவுக்குச் சொல்லு, இது எத்தினை வயது?" என்று கேட்டார். பிள்ளை நூறு என்றது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை. இப்போது அவருக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

அந்தக் கப்பி எந்தக் கப்பலில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கிங்ஸ்டனைச் சுற்றி ஏரியடியில் எத்தனையோ கப்பல்கள். எனக்கு உடனே நினைவு வந்தது ஜோர்ஜ் ஏ. மார்ஷ்தான். உங்களில் பாதிப்பேருக்கு அதைத் தெரியும். மீதிப்பேர் இந்தக் கோடையிலோ அடுத்த கோடையிலோ போவீர்கள்.

மார்ஷ் மூன்று பாய்மரம் கொண்ட மரக்கப்பல். 1882இல் இண்டியானா மாநிலத்து மிச்சிகன் சிற்றியில் கட்டியது, 135 அடி நீளம். முதலாம் உலகப்போர் நடந்த 1917இல் அது 35 வயதுக் கிழம். நீராவிக் கப்பல்கள் வந்துவிட்ட பிறகும் இந்தப் பழைய பாய்க்கப்பல்கள் ஏரியின் குறுக்கே நிலக்கரி ஏற்றி வயிறு வளர்த்துக்கொண்டிருந்தன. அந்த ஓகஸ்டில் தென்கரையில் அமெரிக்கப் பக்கம் உள்ள ஒஸ்வீகோவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிங்ஸ்டனுக்குப் புறப்பட்டது. ஒரே ஒரு ஏரியைக் கடக்கிற பயணம். கோடை காலம். கப்பல் தலைவர் தன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இரவில் காற்று எழும்பியது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. ஓகஸ்ட் 8ஆம் திகதி விடியுமுன், கிங்ஸ்டனுக்குத் தென்மேற்கே பிஜன் தீவுக்குப் பக்கத்தில் மார்ஷ் தாண்டு மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 14 பேர். தப்பியவர்கள் இரண்டு பேர். இறந்த 12 பேரில் கப்பல் தலைவரும் அவர் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதன் பிறகு 50 வருடம் அது எங்கே கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 1967இல்தான் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 25 மீற்றர் ஆழத்தில், கவிழாமல், சரியாமல், நிமிர்ந்து இருந்தது.

முதல்முறை நான் அங்கே இறங்கியது ஜூன் மாதம். மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு மீற்றர் வரை தண்ணீர் பச்சையாக, இதமாக இருந்தது. பிறகு கதவைத் திறந்து குளிர்சாதன அறைக்குள் போனதுபோல் ஒரு குளிர் வந்து முகத்தில் அடித்தது. ட்றை சூட் என்ற தண்ணீர் புகாத உடைக்குள்ளும் பற்கள் கிட்டின. கீழே பார்த்தேன். முதலில் இருட்டாக ஒரு பெரிய நிழல், பிறகு அந்த நிழலுக்குக் கரைகள், பிறகு பலகைகள். கப்பலின் ஓரத்தோடு நீந்திப் போகும்போது ஓர் இடத்தில் ஒரு மரவட்டு என்னைப் பார்த்தது. பாய்மரத்தை இருபக்கமும் இழுத்துப் பிடிக்கிற கயிறுகளை முறுக்குவதற்கு மூன்று துளை போட்ட கட்டை. இங்கே டெட் ஐ என்பார்கள். இரண்டு கண்ணும் ஒரு வாயும் போல இருக்கும், மண்டையோடு மாதிரி. பெயரே அதனால் வந்ததுதான். அந்தத் துளைகளுக்குள் கயிற்றைக் கோர்த்து இழுத்த கைகளைப் பற்றி அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் போனால் சுக்கான் சக்கரம். 25 மீற்றரில் நமக்குக் கிடைப்பது அரைமணிக்கும் குறைந்த நேரம். அதில் பாதியை நான் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் சும்மா மிதந்தபடி கழித்தேன்.

பருத்தித்துறையில் பிறந்தவன் நான். கடலில் தாண்ட மரக்கலம் என்ன ஆகும் என்று சின்ன வயதிலேயே தெரியும். கப்பற்புழு சில வருடங்களில் அரித்து முடித்துவிடும். இரும்பு மிஞ்சும், மரம் மிஞ்சாது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் இன்றும் சுழியோடிகள் போகிற இடமாக இருக்கிறதென்றால் அது உருக்குக் கப்பல் என்பதால்தான். ஒன்ராறியோ ஏரி நன்னீர். குளிர்ந்த நீர். அந்தப் புழு இங்கே வாழாது. நூறு வருடம் கழித்தும் ஆணியடித்த பலகை பலகையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். உலகத்தில் மரக்கப்பல்கள் இப்படி முழுசாகக் கிடக்கிற இடங்கள் அதிகம் இல்லை. நமக்கு அது இரண்டரை மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது.

தம்பியின் கப்பி வெடித்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. நூறு வருடம் தண்ணீரில் ஊறிய மரம் பார்க்கத்தான் உறுதி. உள்ளே அதன் கலங்களின் சுவர்கள் கரைந்து மெலிந்துபோயிருக்கும். அவற்றை விழாமல் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் தண்ணீர்தான். வெளியே எடுத்து வீட்டில் வைத்தால், அதுவும் குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் வீட்டில், தண்ணீர் வற்றும். சுவர்கள் சுருங்கி மடியும். மரம் முறுகும், வெடிக்கும். ஸ்வீடனில் வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் கடலடியில் இருந்து தூக்கியபோது, அது காய்ந்து சிதறாமல் இருக்க 17 வருடம் தொடர்ந்து ஒருவகை மெழுகுக் கரைசலைத் தெளித்தார்கள். ஓர் அரசாங்கமே செய்த வேலை அது. நம்முடைய நிலக்கீழ் அறையில் அது நடக்காது. ஏரிக்குள் இன்னும் நூறு வருடம் இருந்திருக்கக்கூடிய பொருள், தட்டில் ஒரு பிள்ளையின் பள்ளிக்காலம் முடியும்வரைகூடத் தாங்காது.

"நம்முடைய ஊரில் சங்கு குளிக்கிறவன் எடுக்கவில்லையா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். எடுத்தான். மூச்சை அடக்கி எடுத்தான், அதில் அடுப்பெரிந்தது. ஆனால் சங்கு திரும்ப வளரும். அப்படி வளர்வதிலும் சிறுசங்கைத் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. மார்ஷின் கப்பிகள் எண்ணி இருப்பவை. ஒன்று போனால் ஒன்று குறைந்ததுதான்.

இன்னொன்று. இது ஒரு சாவு நடந்த இடம். 2021இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 8ஆம் திகதியே வந்தது. கீரிமலையில் அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்கிற நாள் மார்ஷ் தாண்ட நாளாகவும் இருப்பதைக் கண்டு அன்றைக்கு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். அதே ஒன்ராறியோ ஏரியில், அதே ஓகஸ்ட் 8ஆம் திகதியில், மார்ஷ் தாண்டதற்கு 104 வருடம் முன்னதாக, 1813இல் ஹமில்ற்றன், ஸ்கேர்ஜ் என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்களும் திடீர்க் காற்றில் கவிழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களோடு அடியில் போயின. நாள் ஒற்றுமையில் பொருள் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செத்தவர்களுக்கு நீர்க்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்கிற சனம் நாங்கள். நீருக்குள் போனவர்களின் வீட்டுச் சாமானை எடுத்து அலங்காரத்துக்கு வைக்க எங்களுக்கு எப்படி மனம் வருகிறது? கப்பலின் மேற்தட்டில் நிற்கும்போது அது ஒரு குடும்பம் ஏறி நின்ற தட்டு என்பதை மறக்காதீர்கள். அந்தச் சுக்கான் சக்கரத்தைப் பிடித்து ஓட்டுவதுபோல் சிரித்துக்கொண்டு படம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கப்பலின் தலைவருடைய பிள்ளைகள் அதில்தான் இருந்தார்கள்.

ஹமில்ற்றனும் ஸ்கேர்ஜும் கிடக்கும் இடத்துக்கு இன்றைக்கு நாம் போக முடியாது. அவை 90 மீற்றர் ஆழத்தில் இருக்கின்றன. ஆழம் ஒருபுறம் இருக்க, 2006இல் வந்த ஒன்ராறியோ ஒழுங்குவிதியின்படி உரிமம் இல்லாமல் அங்கே கிட்டப் போவதே குற்றம். சுப்பீரியர் ஏரியில் 1975 நவம்பர் 10ஆம் திகதி 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிற்ஸ்ஜெரால்டுக்கும் அதே பாதுகாப்பு. அந்தக் குடும்பங்கள் விடாமல் கேட்டுப் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. அந்தக் கப்பலின் மணியை 1995இல் மேலே கொண்டுவந்ததும் குடும்பங்களின் விருப்பத்தோடுதான். அதற்குப் பதிலாக 29 பேரின் பெயர் பொறித்த இன்னொரு மணியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். ஏரியடியில் இருந்து ஒன்றை எடுப்பது என்றால் இப்படித்தான் எடுக்க வேண்டும்.

மார்ஷுக்கு அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. தகுதியுள்ள எவரும் போய்ப் பார்க்கலாம். அதே நேரம், ஒன்ராறியோ பாரம்பரியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்கவோ இடம் மாற்றவோ முடியாது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே காவலாளி இல்லை. அந்த ஏற்பாடு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது உள்ளே போகிறவர்களின் கையில் இருக்கிறது. கப்பிகளும் மரவட்டுக்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனால், ஒருநாள் இதற்கும் பூட்டுப் போடச் சொல்லி ஒருவர் கேட்பார், அப்போது அவர் சொல்வதே நியாயமாக இருக்கும். என் மருமகளுக்கு இப்போது பத்து வயது. பதினாறு வயதில் கூட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கையில் எடுப்பது மட்டும்தான் சேதம் என்று நினைக்க வேண்டாம். வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து கப்பலின் மேல் நங்கூரம் போடாதீர்கள். கொக்கி பலகையில் மாட்டி, காற்றில் வள்ளம் இழுபடும்போது ஒரு நாளில் நடக்கும் சேதம் ஐம்பது பனிக்காலம் செய்யாத சேதம். கிங்ஸ்டனிலும் மாகாணத்தின் மற்ற இடங்களிலும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் மிதவைகளைக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள், ஏரி உறையுமுன் கழற்றிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். சேவ் ஒன்ராறியோ ஷிப்ரெக்ஸ் போன்ற அமைப்புகள் இதைப் பல வருடமாகச் செய்கின்றன. குளிர்ந்த தண்ணீரில், கனமான சங்கிலியோடு, சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை. மிதவை இருந்தால் அதில் கட்டுங்கள். வேறொரு வள்ளம் முதலில் கட்டியிருந்தால் காத்திருங்கள். வருடத்தில் ஒரு சனிக்கிழமை மிதவை கட்டும் வேலைக்குப் போங்கள். நான் போன வருடம் போனேன். அங்கே இன்னும் நம்முடைய ஆட்கள் ஒருவரும் இல்லை.

அடுத்தது மட்டி. வரிக்குதிரை மட்டியும் அதன் உறவான குவாகா மட்டியும் 1980களின் கடைசியில் கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு ஐரோப்பாவில் இருந்து இந்த ஏரிகளுக்கு வந்து சேர்ந்தவை. தண்ணீரை வடிகட்டித் தின்பவை. இன்று கிங்ஸ்டனில் இவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்றால் அதற்கு அவையும் காரணம். அதற்கு விலையாகக் கப்பல்களை முழுவதும் மூடிவிட்டன, இரும்பு ஆணிகளையும் அரிக்கவைக்கின்றன. அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் கத்தியால் சுரண்டுகிறவர்கள் உண்டு. மட்டி தன் நார்களால் மரத்தை இறுகப் பற்றியிருக்கும். சுரண்டினால் மட்டியோடு சேர்ந்து மரத்தின் மேற்தோலும் வரும். நீங்கள் பார்க்க நினைத்த எழுத்து அந்தத் தோலில்தான் இருக்கும்.

மூச்சுக்குமிழியைப் பற்றி அநேகர் யோசிப்பதே இல்லை. ஹியூரன் ஏரியில் ரொபர்மோரிக்குப் போனவர்கள் பிக் ரப் குடாவில் ஸ்வீப்ஸ்ரேக்ஸ் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 1867இல் பேர்லிங்ற்றனில் கட்டியது, 1885இல் தாண்டது. ஆறு மீற்றர் ஆழம்தான். கண்ணாடி அடித்தட்டு வள்ளத்தில் இருந்தே தெரியும். ஒருகாலத்தில் சுழியோடிகள் அதன் வயிற்றுக்குள் தாராளமாகப் போய் வந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சு மேற்தட்டுப் பலகைக்கு அடியில் போய்த் தேங்கியது. நூறு வருடம் தண்ணீரில் இருந்த பலகைக்கு அடியில் காற்று சேர்ந்தால் அது பலகையை மேலே தள்ளும், உக்கவும் வைக்கும். இப்போது உள்ளே போவது தடை. பழுதுபார்த்துத்தான் தட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய மூச்சு ஒன்றும் செய்யாது, ஆயிரக்கணக்கானோரின் மூச்சு செய்தது. மார்ஷிலும் வெளியே நின்று பாருங்கள். உள்ளே தலையை நீட்ட வேண்டாம். அது உங்கள் உயிருக்கும் நல்லது.

புதிதாகச் சான்றிதழ் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அடிப்படைப் பயிற்சியின் எல்லை 18 மீற்றர். மார்ஷ் அதற்குக் கீழே இருக்கிறது. மேற்பயிற்சி எடுத்த பிறகும், மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் அங்கே போகாதீர்கள். தடுமாறுகிற கை முதலில் பிடிப்பது கப்பலைத்தான், தடுமாறுகிற ஃபின் முதலில் உதைப்பதும் அதைத்தான். பழகுவதற்கு வூல்ஃப் ஐலண்டர் இரண்டு இருக்கிறது. கிங்ஸ்டனுக்கும் வூல்ஃப் தீவுக்கும் இடையே ஓடிய பழைய பாதைப்படகு, 1985இல் சுழியோடிகளுக்காகவே மூழ்கடித்தது. உருக்குக் கப்பல். அதில் எவரும் சாகவில்லை. ஆழம் மார்ஷைப் போலத்தான், ஆகவே அதே மேற்பயிற்சி அதற்கும் வேண்டும். இரண்டு மூன்று முறை அங்கே போய், ஒன்றையும் தொடாமல் ஓரிடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வந்த பிறகு மார்ஷுக்கு வாருங்கள்.

இனி, தம்பிக்கு.

நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தக் கப்பியைத் திரும்ப ஏரிக்குள் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த மரம் திரும்ப நனைந்தால் இன்னும் கெடும், எந்த இடத்தில் இருந்தது என்பதும் குழம்பிவிடும். எண்ணெய் பூச வேண்டாம், பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து எடுத்து, குளிரான ஓர் இடத்தில் துணியால் மூடி வையுங்கள். எந்தக் கப்பல், கப்பலின் எந்தப் பக்கம், எந்த வருடம் என்று நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் அந்தக் கப்பியளவு பெறுமதி. இதைப்போல் வீட்டில் ஏதாவது வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதுவே. இன்னும் ஈரமாக இருந்தால் காயவிடாமல் தண்ணீரிலேயே வையுங்கள்.

கிங்ஸ்டனில் பேரேரிகளின் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. இதைப் போன்ற பொருளை என்ன செய்வது, சட்டப்படி யாரிடம் ஒப்படைப்பது என்று வழிகாட்டக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள். முதலில் தொலைபேசியில் கேட்போம். நான் கேட்கிறேன். பிறகு ஒரு சனிக்கிழமை பார்த்துச் சொல்லுங்கள், என் வாகனத்தில் போவோம். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கப்பி வைத்த பெட்டியை அவ மடியில் வைத்திருக்கட்டும்.

அன்போடு,
உங்களோடு சுழியோடும் ஓர் அண்ணன்
ஸ்காபரோ